சதவீதத்தில் வரும் கணங்கள் பற்றிய கணக்குகள்: இரண்டிலும் இருப்பவர்களை எப்படி எண்ணுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"இத்தனை சதவீதம் பேர் இதைச் செய்கிறார்கள், இத்தனை சதவீதம் பேர் அதைச் செய்கிறார்கள், இத்தனை பேர் இரண்டையும் செய்கிறார்கள், ஒன்றுமே செய்யாதவர்கள் எத்தனை பேர்?" என்ற மாதிரி கணக்குகள் போட்டித் தேர்வுகளில் வந்துகொண்டே இருக்கும். பாடம் சொல்லிக்கொடுக்கும்போது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றைக் கீழே எழுதியிருக்கிறேன். சூத்திரம் குறைவாகவும் யோசிக்கும் முறை அதிகமாகவும் இருக்கும். இந்தக் கணக்கில் தப்பு செய்கிறவர்களில் பெரும்பாலோருக்குச் சூத்திரம் நன்றாகவே தெரிந்திருக்கிறது என்பதுதான் காரணம்.

இரண்டு சதவீதங்களைக் கூட்டினால் 100ஐத் தாண்டுகிறது. கேள்வியே தப்பா?

தப்பில்லை. 70% பேருக்கு நீச்சல் தெரியும், 60% பேருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும் என்றால் கூட்டுத்தொகை 130. மனிதர்கள் 100 பேர்தான், தலைகளை 130 முறை எண்ணிவிட்டோம், அவ்வளவுதான். இரண்டும் தெரிந்தவர் நீச்சல் வரிசையிலும் ஒருமுறை நிற்கிறார், சைக்கிள் வரிசையிலும் ஒருமுறை நிற்கிறார். அதனால்தான் கூட்டியபின் இரண்டிலும் இருப்பவர்களை ஒருமுறை கழிக்கிறோம். அவர்களை நீக்குவதற்காகக் கழிக்கவில்லை, கூடுதலாக எண்ணியதைத் திருத்துகிறோம். இது மனதில் பதிந்துவிட்டால் கூட்டுவதா கழிப்பதா என்ற குழப்பம் அதோடு போய்விடும்.

முதல் + இரண்டாவது − இரண்டும் + எதுவுமில்லை = 100. இரண்டு கணங்களுக்கு (கணம் என்றால் நீச்சல் தெரிந்தவர்கள் போன்ற ஒரு கூட்டம்) இந்த ஒரு வரி போதும்.

மொத்தம் எத்தனை பேர் என்று சொல்லவே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

100 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேள்வியின் கடைசியில் ஏதாவது ஓர் எண் ஒளிந்திருக்கும், அது வரும்வரை 100லேயே வேலை செய்யுங்கள்.

ஓர் உதாரணம். ஒரு குழுவில் 55% பேர் கதை படிப்பார்கள், 40% பேர் கவிதை படிப்பார்கள், 15% பேர் இரண்டையும் படிப்பார்கள். எதையும் படிக்காதவர்கள் 36 பேர் என்றால் கவிதை மட்டும் படிப்பவர்கள் எத்தனை பேர்?

55 + 40 − 15 = 80. அப்படியானால் எதையும் படிக்காதவர்கள் 20%. அந்த 20%தான் 36 பேர், எனவே 1% என்பது 1.8 பேர், மொத்தம் 180 பேர். கவிதை மட்டும் என்றால் 40 − 15 = 25%, அதாவது 45 பேர். 36 என்ற எண்ணைப் பார்த்ததுமே அதை 55, 40 என்கிற எண்களோடு சேர்த்துக் கூட்டத் தொடங்கிவிடுகிறவர்கள் உண்டு. சதவீதமும் ஆட்களும் ஒரே வரியில் கலக்கக் கூடாது. சதவீதத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு முறை ஆட்களாக மாற்றுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் விடை தப்பாக வருகிறது. எங்கே வழுக்குகிறது?

பத்தில் ஒன்பது முறை ஒரே இடத்தில்தான். சதவீதம் வந்தால் உடனே "எதில்?" என்று கேட்க வேண்டும், அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருப்பீர்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு போவதாக இருந்தால் இதை எடுத்துக்கொண்டு போங்கள்.

இந்த இரண்டு வாக்கியங்களையும் பாருங்கள்:

"60% பேருக்கு நீச்சல் தெரியும், 30% பேருக்கு நீச்சலும் சைக்கிளும் தெரியும்."

"60% பேருக்கு நீச்சல் தெரியும், அவர்களில் 30% பேருக்கு சைக்கிளும் தெரியும்."

முதலாவதில் 30% என்பது மொத்தத்தில், எனவே 100க்கு 30 பேர். இரண்டாவதில் "அவர்களில்" என்ற ஒரு சொல் வந்து கணக்கையே மாற்றிவிட்டது. 60இல் 30%, அதாவது 18 பேர். வாசிக்கும்போது "-இல்", "-களில்", "அவர்களுள்" என்று முடியும் சொல்லைத் தேடிப் பிடித்து அடிக்கோடு போடுங்கள். சதவீதத்தின் அடிமானம் எது என்பதை அந்தச் சொல்தான் சொல்லும். நான் சொல்லிக்கொடுக்கும்போது ஒவ்வொரு சதவீதத்தின் தலைமேலும் சிறிய எழுத்தில் "மொத்தத்தில்" அல்லது "நீச்சலில்" என்று எழுதச் சொல்வேன். முதலில் சோம்பலாக இருக்கும். ஒரு வாரம் செய்தால் எழுதாமலே கண் தானாகத் தேடும்.

வெண்படம் நல்லதா, அட்டவணை நல்லதா?

வெண்படம் என்பது ஒவ்வொரு கணத்துக்கும் ஒரு வட்டம் என்று, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வரையும் படம். இரண்டு கணங்கள் என்றால் என் ஓட்டு அட்டவணைக்கு. பள்ளியில் வெண்படத்தை மட்டும் அழுத்திச் சொல்லிக்கொடுத்துவிட்டு அட்டவணையைத் தொடாமலே போய்விடுகிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. வெண்படத்தில் "நீச்சல் தெரியாதவர்கள்" என்ற கூட்டத்துக்குத் தனி இடம் இல்லை. வட்டத்துக்கு வெளியே இருப்பதும், அடுத்த வட்டத்தில் மட்டும் இருப்பதும் சேர்ந்துதான் அது. அட்டவணையில் அதற்கென்று ஒரு வரிசையே இருக்கிறது.

ஒரு கணக்கு: 65% பேருக்கு நீச்சல் தெரியும். நீச்சல் தெரிந்தவர்களில் 40% பேருக்கு சைக்கிள் தெரியும். நீச்சல் தெரியாதவர்களில் 60% பேருக்கு சைக்கிள் தெரியும். இரண்டும் தெரியாதவர்கள் எத்தனை சதவீதம்?

| | சைக்கிள் தெரியும் | சைக்கிள் தெரியாது | மொத்தம் |
|---|---|---|---|
| நீச்சல் தெரியும் | 26 | 39 | 65 |
| நீச்சல் தெரியாது | 21 | 14 | 35 |
| மொத்தம் | 47 | 53 | 100 |

முதலில் வலது ஓரத்தில் 65, 35, 100 போட்டேன். 65இல் 40% என்பது 26, மீதி 39. 35இல் 60% என்பது 21, மீதி 14. விடை 14%. சூத்திரம் எதுவும் தேவைப்படவில்லை, வரிசையாகவும் பத்தியாகவும் கூட்டினால் சரிபார்ப்பும் முடிந்துவிட்டது.

மூன்று கணங்கள் வந்தால் அட்டவணை வசதிப்படாது, அங்கே வெண்படத்துக்குப் போய்விடுங்கள்.

"நீச்சல் தெரிந்தவர்களில் 40% பேருக்கு சைக்கிள் தெரியும்" என்றால் "சைக்கிள் தெரிந்தவர்களில் 40% பேருக்கு நீச்சல் தெரியும்" என்றும் ஆகுமா?

ஆகாது. மேலே உள்ள அட்டவணையையே பாருங்கள். இரண்டும் தெரிந்தவர்கள் 26. நீச்சல் பக்கமிருந்து பார்த்தால் 65இல் 26, அது 40%. சைக்கிள் பக்கமிருந்து பார்த்தால் 47இல் 26, அது ஏறக்குறைய 55.3%. மேலே இருக்கும் எண் ஒன்றுதான், கீழே இருக்கும் எண் மாறிவிட்டது.

தேர்வைத் தாண்டி வாழ்க்கையிலும் இதில் ஏமாறுகிறோம் என்பதால் இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மின்னஞ்சலில் வேண்டாத குப்பை அஞ்சல்களைப் பிரிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரும் அஞ்சல்களில் 10% குப்பை. குப்பையில் 90%ஐ வடிகட்டி பிடித்துவிடும். நல்ல அஞ்சல்களில் 5%ஐத் தவறுதலாகக் குப்பை என்று ஒதுக்கிவிடும். ஒதுக்கப்பட்டவற்றில் எத்தனை சதவீதம் உண்மையில் நல்ல அஞ்சல்? 5% என்றுதான் வாய் முந்திக்கொண்டு சொல்லும். 1000 அஞ்சல்களை வைத்துப் பாருங்கள். குப்பை 100, அதில் பிடிபட்டவை 90. நல்லவை 900, அதில் தவறாக ஒதுக்கப்பட்டவை 45. ஒதுக்கப்பட்டவை மொத்தம் 135, அதில் நல்லவை 45. மூன்றில் ஒரு பங்கு! 5% என்பது நல்ல அஞ்சல்களில், கேட்டதோ ஒதுக்கப்பட்டவற்றில். மருத்துவப் பரிசோதனை முடிவுகளைப் படிக்கும்போதும் இதே கவனம் வேண்டும். அரிதான நோயாக இருந்தால், பரிசோதனையில் நோய் இருப்பதாக வந்தவர்களில் பலருக்கு அந்த நோய் இல்லாமல் இருக்கலாம். பரிசோதனை மோசம் என்பதால் அல்ல, நோய் இல்லாதவர்களின் கூட்டம் அவ்வளவு பெரியது, அதில் ஒரு சிறு பங்கு என்றாலே கணிசமான எண்ணிக்கை ஆகிவிடும்.

இரண்டு பக்கமும் "அவர்களில்" என்றுதான் கொடுத்திருக்கிறார்கள், அந்த இரண்டு கூட்டமும் மொத்தத்தில் எவ்வளவு என்று சொல்லவே இல்லை. போட முடியுமா?

முடியும், இது எனக்கு மிகவும் பிடித்த வகை. பாட்டு கற்பவர்களில் 25% பேர் ஓவியமும் கற்கிறார்கள். ஓவியம் கற்பவர்களில் 40% பேர் பாட்டும் கற்கிறார்கள். 12% பேர் எதுவும் கற்கவில்லை. இரண்டும் கற்பவர்கள் எத்தனை சதவீதம்?

100லிருந்து தொடங்கினால் இங்கே நகராது. நடுவிலிருந்து தொடங்குங்கள். இரண்டும் கற்பவர்கள் 2 பங்கு என்று வைக்கிறேன். அது பாட்டில் 25%, எனவே பாட்டு 8 பங்கு. அதே 2 பங்கு ஓவியத்தில் 40%, எனவே ஓவியம் 5 பங்கு. ஏதாவது ஒன்றாவது கற்பவர்கள் 8 + 5 − 2 = 11 பங்கு. எதுவும் கற்காதவர்கள் 12% என்பதால் இந்த 11 பங்கும் சேர்ந்து 88%. ஒரு பங்கு 8%. இரண்டும் கற்பவர்கள் 16%, பாட்டு 64%, ஓவியம் 40%. 64இல் 25% என்பது 16, 40இல் 40% என்பதும் 16. பொருந்திவிட்டது.

இரண்டு கூட்டத்துக்கும் பொதுவான அந்த நடுப்பகுதி ஒன்றேதான், அதை எந்தப் பக்கமிருந்து அளந்தாலும் அதே ஆட்கள். அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் பின்னால் வரும். ஏன் 2 பங்கு என்று எடுத்தேன் என்று கேட்டால், 25%க்கும் 40%க்கும் முழு எண் வரட்டும் என்றுதான். 1 என்றோ 10 என்றோ எடுத்தாலும் விடை அதேதான்.

60%ஐயும் 50%ஐயும் பெருக்கினால் 30%. இரண்டிலும் இருப்பவர்கள் 30% என்று எழுதலாமா?

கேள்வியில் அப்படிச் சொல்லாதவரை கூடாது. பெருக்குவது எப்போது சரி என்றால், நீச்சல் தெரிந்தவர்களிலும் சைக்கிள் தெரிந்தவர்கள் 50%, நீச்சல் தெரியாதவர்களிலும் 50%தான் என்று இருக்கும்போது, அதாவது ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தமே இல்லாதபோது. அந்தத் தகவல் இல்லாமல் பெருக்கினால் அது வெறும் ஊகம்.

அப்போது இரண்டிலும் இருப்பவர்களைப் பற்றி என்னதான் சொல்ல முடியும்?

எல்லை சொல்லலாம். 70%, 60% என்ற கணக்கையே எடுப்போம். அதிகபட்சம் எளிது: சிறிய கூட்டம் முழுவதும் பெரிய கூட்டத்துக்குள் அடங்கிவிட்டால் 60%. அதற்கு மேல் போகவே முடியாது. குறைந்தபட்சம் 70 + 60 − 100 = 30%, ஏனென்றால் 130 முறை எண்ணிய தலைகளை 100 பேருக்குள் திணிக்க வேண்டும், 30 பேராவது இரண்டு முறை எண்ணப்பட்டே ஆக வேண்டும். கூட்டுத்தொகை 100க்குள் இருந்தால், உதாரணமாக 30%, 40% என்றால், குறைந்தபட்சம் 0.

நான்கைந்து கணங்கள் வந்தால் தலைகீழாக யோசியுங்கள். ஒரு தேர்வில் நான்கு தாள்கள். முறையே 80%, 85%, 90%, 75% பேர் தேர்ச்சி. நான்கிலும் தேறியவர்கள் குறைந்தது எத்தனை சதவீதம்? தவறியவர்களைப் பாருங்கள்: 20, 15, 10, 25. இவர்கள் எல்லாரும் வெவ்வேறு ஆட்களாக இருந்தால்கூட 70%தான். மீதி 30% பேர் எதிலும் தவறியிருக்க முடியாது. விடை 30%. தேறியவர்களின் எண்களை வைத்து யோசிப்பதைவிட இப்படிப் பார்ப்பது எளிதாகப் புரியும்.

மூன்று கணங்கள் வந்தால் பயமாக இருக்கிறது.

பயம் சூத்திரத்தால் வருகிறது என்று நினைக்கிறேன். கூட்டு, கழி, திரும்பக் கூட்டு என்று நீளமாக இருக்கும், நடுவில் எந்தக் குறி என்று மறந்துவிடும். நான் கை தூக்கும் முறையில் சொல்லிக்கொடுப்பேன்.

60% பேருக்குப் பாட்டு, 50% பேருக்கு ஓவியம், 40% பேருக்கு நடனம் தெரியும். சரியாக இரண்டு கலைகள் மட்டும் தெரிந்தவர்கள் 30%. எதுவும் தெரியாதவர்கள் 4%. மூன்றும் தெரிந்தவர்கள் எத்தனை சதவீதம்?

பாட்டு தெரிந்தவர்கள் கை தூக்குங்கள், ஓவியம் தெரிந்தவர்கள் தூக்குங்கள், நடனம் தெரிந்தவர்கள் தூக்குங்கள். மொத்தம் 150 முறை கை உயர்ந்தது. ஆனால் ஏதாவது ஒன்றாவது தெரிந்தவர்கள் 96 பேர்தான். 54 கைகள் கூடுதல். யார் கூடுதலாகத் தூக்கினார்கள்? இரண்டு தெரிந்தவர் ஒருமுறை கூடுதலாகத் தூக்கியிருப்பார், மூன்றும் தெரிந்தவர் இரண்டு முறை கூடுதலாக. இரண்டு தெரிந்தவர்களால் வந்த கூடுதல் 30. மீதி 24ஐ மூன்றும் தெரிந்தவர்கள் தலைக்கு இரண்டாகத் தூக்கியிருக்கிறார்கள். எனவே அவர்கள் 12%. ஒன்று மட்டும் தெரிந்தவர்கள் 96 − 30 − 12 = 54%.

இங்கே சொற்களில் ஒரு பள்ளம் இருக்கிறது. இதே குழுவில் "சரியாக இரண்டு" 30%. "குறைந்தது இரண்டு" என்றால் மூன்றும் தெரிந்தவர்களையும் சேர்த்து 42%. "பாட்டும் ஓவியமும், ஓவியமும் நடனமும், பாட்டும் நடனமும்" என்று இரண்டிரண்டாகக் கொடுத்து மூன்றையும் கூட்டினால் 66, ஏனென்றால் மூன்றும் தெரிந்த 12 பேர் அந்த மூன்று இணையிலும் வந்துவிடுவார்கள். புத்தகத்தில் இருக்கும் நீளமான சூத்திரம் இந்த 66க்கானது: 150 − 66 + 12 = 96. கேள்வியில் 30 கொடுத்திருக்கும்போது அதை 66 இருக்க வேண்டிய இடத்தில் போட்டுவிட்டு விடை வரவில்லையே என்று தவிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

"பாட்டும் ஓவியமும் தெரிந்தவர்கள் 20%" என்றால் அதில் நடனமும் தெரிந்தவர்கள் சேர்வார்களா?

சேர்வார்கள். "மட்டும்" என்ற சொல் இல்லாதவரை மூன்றாவதைப் பற்றி எதுவும் சொல்லப்படவில்லை. அதேபோல் "பாட்டு அல்லது ஓவியம்" என்றால் கணக்கில் இரண்டும் தெரிந்தவர்களும் உள்ளே. பேச்சில் "இது வேண்டுமா அல்லது அது வேண்டுமா" என்றால் ஒன்றைத்தான் கேட்கிறோம், அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது.

வெண்படத்தில் எந்தப் பகுதியை முதலில் நிரப்புவது?

நடுவை. மூன்றும் சேரும் இடம், அப்புறம் இரண்டிரண்டாகச் சேரும் இடங்கள், அப்புறம் தனித்தனி இடங்கள், கடைசியில் வெளியே. வெளியிலிருந்து உள்ளே வந்தால் எழுதிய எண்ணை அழித்து அழித்துத் திருத்த வேண்டிவரும். நடுவில் என்ன எண் என்று தெரியாவிட்டால் அங்கே ஒரு மாறியைப் போட்டுவிட்டு வெளியே நகருங்கள்.

காலியாக இருக்கும் பகுதியையும் வரையுங்கள், அதில் 0 என்று எழுதுங்கள். வெண்படத்துக்குப் பெயர் தந்த ஆங்கிலேய அறிஞர் ஜான் வென் 1880இல் இந்தப் படங்களைப் பற்றி எழுதியபோது செய்த முக்கியமான வேலையே இதுதான். அவருக்கு முன்பே 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் என்ற கணித மேதை வட்டங்களை வரைந்தார், ஆனால் ஆய்லர் படத்தில் கூட்டங்கள் உண்மையில் எப்படி இருக்கின்றனவோ அப்படித்தான் வட்டங்கள் இருக்கும். ஒட்டாதவை ஒட்டாமல் தனியாக நிற்கும். வென் எல்லாச் சேர்க்கைக்கும் இடம் ஒதுக்கிவிட்டுப் பிறகு எது காலி என்று குறித்தார். கணக்குப் போடுகிறவருக்கு இதுதான் வசதி, விடை தெரிவதற்கு முன்னால் எது ஒட்டும் எது ஒட்டாது என்று நமக்கு எப்படித் தெரியும்? இரண்டு கணங்களுக்கு 4 பகுதிகள், மூன்றுக்கு 8, நான்குக்கு 16. நான்கு வட்டங்களை எப்படிச் சாய்த்து வைத்தாலும் 14 பகுதிகளுக்கு மேல் கிடைக்காது, அதனால் நான்கு கணங்களை வட்டத்தில் வரைய முயன்று நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

"நீச்சல் தெரிந்தவர்கள் சைக்கிள் தெரிந்தவர்களைவிட 20% அதிகம்" என்றால் 20ஐக் கூட்டுவதா?

"எதில் 20%?" என்று கேளுங்கள். சைக்கிள் தெரிந்தவர்களில் 20%. சைக்கிள் 50% என்றால் நீச்சல் 60%, 70% இல்லை. 70% வர வேண்டுமென்றால் "20 சதவீதப் புள்ளிகள் அதிகம்" என்று சொல்லியிருக்க வேண்டும்.

விடை சரியா என்று சீக்கிரமாகப் பார்க்க வழி உண்டா?

எல்லாப் பகுதிகளையும் கூட்டினால் 100 வர வேண்டும். எந்தப் பகுதியிலும் கழித்தல் குறி வரக் கூடாது. இரண்டிலும் இருப்பவர்கள் சிறிய கூட்டத்தைவிடப் பெரிதாகக் கூடாது. இவை மூன்றும் பத்து விநாடி வேலை.

இன்னொன்று, ஆட்களாக மாற்றும்போது முழு மனிதர்கள் வருகிறார்களா என்று பாருங்கள். 37.5% என்பது எட்டில் மூன்று, எனவே மொத்தம் 8ஆல் வகுபட வேண்டும். அதோடு 40%உம் இருந்தால், அது ஐந்தில் இரண்டு, 5ஆலும் வகுபட வேண்டும். அப்போது குழுவில் குறைந்தது 40 பேர் இருந்தாக வேண்டும், மொத்தம் 40, 80, 120 என்றுதான் போகும். விடைகள் நான்கு கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் தேர்வில், மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டால் இதை வைத்தே இரண்டு மூன்று விடைகளை அடித்துவிடலாம். ஆனால் கேள்வியில் "ஏறக்குறைய" என்று சதவீதத்தை முழுமையாக்கிக் கொடுத்திருந்தால் இந்த வழி செல்லாது, அதை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.